தனிக்குடித்தனமா, மூன்றாவது மாடியா?

என் மனைவியின் அக்கா மகள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர். இரண்டாவது வருடம். 24 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக வார்டில் நின்றுவிட்டு, செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வந்து உட்காருகிற பிள்ளை. புரட்டாசி முதல் வாரம் செய்தி அனுப்பியிருந்தாள்: "சித்தப்பா, எனக்குச் சனிக்கிழமை ராத்திரி ஒண்ணுதான் கிடைச்சிருக்கு. ஏதாவது போடுங்க. நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா தப்பா முடிவு பண்ணிடாதீங்க."

அலமாரியில் இரண்டு டிவிடி கைக்கு வந்தன. ஒன்று 'பிரைவேட் பிராக்டிஸ்' முதல் சீசன். 'கிரேஸ் அனாட்டமி' என்ற மருத்துவமனைத் தொடரிலிருந்து பிரிந்து வந்த தொடர் அது. இன்னொன்று 'ஸ்பைடர்மேன் 3'. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பிறந்தநாள். 2007 மே 3, வியாழக்கிழமை, 'கிரேஸ் அனாட்டமி'யின் இரண்டு மணி நேர எபிசோடு ஒன்றுக்குள் வைத்துப் புதுத் தொடரை அறிமுகம் செய்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் சிலந்தி மனிதனின் மூன்றாம் பாகம் வெளியானது. இரண்டுக்குமே நான் ரசிகன். இரண்டின் மேலும் எனக்குக் கோபமும் உண்டு. ரசிகன் என்றால் அப்படித்தானே.

பார்க்கப் போகிறவர்கள் யார் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா மகள், அவளுடைய ஆயா (என் மாமியார், 79 வயது), பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பையன், நான். என் மனைவி எதைப் போட்டாலும் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுவாள். அதனால் அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாங்கள் இருப்பது டர்பனில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில். மாமியார் குடும்பம் 60களில் மேகசின் பாரக்ஸ் என்ற நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவரப்பட்டது. நகரசபை கொடுத்தது பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட சின்ன வீடு. இந்தப் பக்கம் குடும்பம் பெருத்தால் இரண்டு வழிதான். ஒன்று, பின்கொல்லையில் அவுட்பில்டிங் கட்டி மகனையோ மகளையோ தனிக்குடித்தனம் வைப்பது. இன்னொன்று, இருக்கிற வீட்டின் தலையிலேயே மாடி எடுப்பது. ஸ்பின்-ஆஃப் எனப்படும் கிளைத்தொடர் முதல் ரகம், அடுத்த பாகம் என்பது இரண்டாவது ரகம். எங்கள் வீட்டில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டார்கள். மாடி எடுத்த வருடம் கீழே சமையலறைச் சுவரில் விழுந்த விரிசல் இன்னும் இருக்கிறது. மாமியார் அதன் மேல்தான் முருகன் காலண்டரை மாட்டியிருக்கிறார்.

முதலில் தனிக்குடித்தனத்தைப் பார்க்கலாம். சியாட்டில் கிரேஸ் மருத்துவமனையில் ஆடிசன் மாண்ட்காமரி என்ற மகப்பேறு அறுவை நிபுணர். கேட் வால்ஷ் நடித்தது. முதல் சீசனின் கடைசிக் காட்சியில், கதாநாயகன் டெரெக்கின் மனைவியாக, அப்படி ஒருத்தி இருப்பதே நமக்குத் தெரியாத நேரத்தில் வந்து நிற்பாள். வில்லி என்று நினைத்தோம். இரண்டே சீசனில் அந்த மருத்துவமனையிலேயே நம்பத் தகுந்த ஆள் அவள்தான் என்று ஆகிவிட்டது. கணவன் கிடைக்கவில்லை, புதுக் காதலும் அமையவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகிறாள். படிப்புக் காலத்துத் தோழி நயோமி அங்கே நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறிய கிளினிக் நடத்துகிறாள். குழந்தை பெற்றுக்கொள்ள வழி கேட்டுத்தான் ஆடிசன் போகிறாள். வாய்ப்பில்லை என்று பரிசோதனை சொல்லிவிடுகிறது. இந்தத் தொடரின் உண்மையான விதை அந்த ஒரு இடம்தான். மற்றவர்களின் குழந்தைகளை உலகத்துக்குக் கொண்டுவருகிறவளுக்குத் தன் குழந்தை இல்லை. இதை வைத்துக்கொண்டு நம் ஊர் சீரியல்காரர்கள் ஆயிரம் எபிசோடு எடுத்திருப்பார்கள்.

ஆனால் அந்த அறிமுகத்தில் ஒரு கூத்து நடந்தது. மே மாதம் நயோமியாக வந்தவர் மெரின் டஞ்ஜி. செப்டம்பர் 26 அன்று தொடர் தொடங்கியபோது நயோமி ஆட்ரா மெக்டொனால்ட் ஆகிவிட்டார். பெண் பார்க்கப் போனபோது ஒருத்தி, மணவறையில் வேறொருத்தி. மெக்டொனால்ட் அருமையான நடிகை, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் புது வீட்டுக்குக் குடிபோகிற அன்றே வீட்டுக்காரம்மாவை மாற்றினால் குடியிருப்பவருக்கு எப்படி இருக்கும்?

முதல் சீசன் மொத்தம் 9 எபிசோடுகள். அந்த நவம்பரில் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கதை அப்படியே நின்றது. எனக்கென்னவோ அந்த நிறுத்தம் இந்தத் தொடருக்கு நல்லதையே செய்தது என்று தோன்றும். அந்த 9 எபிசோடுகளில் வயது வந்த மருத்துவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி சமையலறையில் கூடிக் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். சியாட்டிலில் ஆண்களை நடுங்க வைத்த ஆடிசன் இங்கே வந்ததும் தடுமாறித் தடுமாறிச் சிரிப்பு மூட்டப் பார்ப்பாள். மாமியார் வீட்டில் ராணியாக இருந்தவள் தனிக்குடித்தனம் போனதும் சோறு வடிக்கத் தெரியாமல் முழித்த கதைதான்.

இரண்டாவது சீசனிலிருந்து தொடரின் முகம் மாறும். வயலட் என்ற மனநல மருத்துவருக்கு அந்த சீசனின் கடைசியில் நேர்வதை இங்கே எழுத மாட்டேன். பார்த்த அன்று ராத்திரி கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை சரிபார்த்தேன் என்று மட்டும் சொல்கிறேன். மூன்றாவது சீசனில் டெரெக்கின் தங்கை அமீலியா வருகிறாள். போதைப்பழக்கம், மூளை வளராத குழந்தையைச் சுமப்பது, பிறந்ததும் அந்தக் குழந்தையின் உறுப்புகளைத் தானமாகக் கொடுப்பது என்று அவளுக்கு எழுதியதெல்லாம் தாய்த்தொடரே பொறாமைப்படக்கூடியவை. பொறாமைப்பட்டதோ என்னவோ, 2013 ஜனவரியில் கிளைத்தொடர் முடிந்ததும் அமீலியாவைத் தாய்த்தொடர் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டது. அவுட்பில்டிங்கில் வளர்ந்த பெண் பெரிய வீட்டுக்குள் வந்துவிட்டாள். ஆறு சீசன், 111 எபிசோடு. ஒன்றுக்கு 42 நிமிடம் என்று வைத்தால் ஏறத்தாழ 78 மணி நேரம்.

எங்கள் வீட்டு டாக்டரம்மாவுக்கு இதைப் போட்டால் என்ன ஆகும்? எனக்கு முன்னனுபவம் உண்டு. அவள் மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கும்போது அவளோடு இரண்டாவது சீசனில் கொஞ்சம் பார்த்தேன். ஆடிசனின் அண்ணன் ஆர்ச்சரின் மூளைக்குள் ஒட்டுண்ணிகள் இருக்கின்றன என்று தெரிந்து, எல்லோரும் பதறியடித்துச் சியாட்டிலுக்குப் பறக்கிற கதை. தாய்த்தொடரும் கிளைத்தொடரும் கைகோத்த எபிசோடுகள் அவை. அங்கே மகா அதிசயம் மாதிரி காட்டினார்கள். இவள் வாயில் ரஸ்க்கை வைத்துக்கொண்டே சொன்னாள்: "சித்தப்பா, இது நாடாப்புழு லார்வா. ஈஸ்டர்ன் கேப் பக்கம் இது சகஜம். வலிப்புன்னு ஒரு பிள்ளை வந்தா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க." அதற்கப்புறம் அந்த எபிசோடில் யார் கண்ணீர் விட்டாலும் எனக்கு அழுகை வரவில்லை.

இன்னொரு சிக்கல், தொடரின் பெயரிலேயே இருக்கிறது. தனியார் கிளினிக். கடற்கரைப் பக்கத்து அழகான கட்டடம். ஒரு நாளைக்கு ஒரு நோயாளி, அவருடைய கல்யாணம், கனவு, பயம் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்க நேரம். இங்கே மெடிக்கல் எய்ட் என்கிற தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஆறில் ஒருவருக்கும் குறைவு. மற்ற எல்லோரும் விடிகாலையிலேயே வந்து பெஞ்சில் வரிசையாக உட்காருவது அக்கா மகள் வேலை பார்க்கிற மாதிரி இடங்களில்தான். எல்லோருக்கும் பொதுவான காப்பீட்டுச் சட்டத்தில் ஜனாதிபதி ராமபோசா 2024 மே மாதம் கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை, அதை இங்கே இழுக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து வருகிறவளிடம் நயோமியின் சாண்டா மோனிகா கிளினிக்கின் சமையலறையைக் காட்டினால், ஒன்று சிரிப்பாள், இல்லை எரிச்சல்படுவாள். எரிச்சல்பட்டால் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிடுவாள்.

சரி, மாடிக்கு வருவோம்.

சாம் ரைமி இயக்கியது. முதல் பாகம் 2002, இரண்டாவது 2004. அந்த இரண்டாவது பாகம் சூப்பர்ஹீரோ படங்களிலேயே ஒழுங்காகக் கட்டிய வீடு என்பது என் கட்சி. மூன்றாவதுக்குச் செலவு ஏறத்தாழ 25.8 கோடி டாலர். முதல் வாரக்கடைசியில் அமெரிக்காவில் மட்டும் 15.1 கோடி, உலகம் முழுவதும் மொத்த வசூல் ஏறத்தாழ 89.5 கோடி. பணத்தில் குறையில்லை. குறை எல்லாம் பாரத்தில்தான். சிலந்தி மனிதனான பீட்டரின் பழைய நண்பன் ஹாரி ஒரு வில்லன், மணல் மனிதன் ஒரு வில்லன், விண்கல்லோடு வந்து விழுந்த கறுப்புப் பிசின் ஒன்று, அந்தப் பிசின் பிடித்து வெனம் ஆகிற எடி ஒரு வில்லன். வெனமைச் சேர்க்கச் சொன்னது தயாரிப்பாளர் ஆவி அராட். ரைமிக்கு அந்தப் பாத்திரத்தில் மனசு ஒட்டவில்லை. அது படத்திலும் தெரியும், விருந்தாளியைப் பிடிக்காத மருமகள் பரிமாறுகிற மாதிரி.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. முதல் பாகத்தில் சித்தப்பா பென்னைக் கொன்ற திருடனை வைத்துத்தான் பீட்டரின் மொத்த வாழ்க்கையும் நிற்கிறது. தான் விட்டுவிட்ட திருடன் தன் வீட்டு மனுஷனையே கொன்றான் என்ற குற்றவுணர்ச்சிதான் இந்தக் கதைக்கே அஸ்திவாரம். மூன்றாவது பாகம் வந்து, கொன்றவன் அவனில்லை, மணல் மனிதன்தான் என்கிறது. மாடி எடுப்பதற்காக அடித்தளச் சுவரில் கை வைத்தார்கள். எங்கள் சமையலறை விரிசலுக்கு முருகன் காலண்டர் இருக்கிறது. இந்த விரிசலை மறைக்க என்ன மாட்டுவது?

நடனக் காட்சியைப் பற்றிக் கேட்பீர்கள். கறுப்புப் பிசின் ஏறியதும் பீட்டர் முடியை நெற்றியில் இறக்கிவிட்டுக்கொண்டு தெருவில் இடுப்பை ஆட்டி நடப்பான், அப்புறம் ஒரு ஜாஸ் கிளப்பில் ஆடுவான். உலகமே திட்டியது. எனக்குப் பிடிக்கும். நம் படங்களில் நல்ல தம்பி கெட்டவனாக மாறினால் கூலிங் கிளாஸும் சிகரெட்டும் கொடுப்பார்கள். தான் கெத்தாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அசடு வழிகிற பையனாக பீட்டரைக் காட்டினார் பாருங்கள், அது அந்த வயதுப் பையன்களின் நிஜம்.

இத்தனை குறைகளையும் நான் பொறுத்துக்கொள்வது மணல் மனிதனுக்காக. ஃபிளின்ட் மார்க்கோ சிறையிலிருந்து தப்பியவன். தாமஸ் ஹேடன் சர்ச் நடித்தது. அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள், நோயாளி. வைத்தியத்துக்குப் பணமில்லை. ராத்திரியில் ஜன்னல் வழியாக வந்து மகளைப் பார்த்துவிட்டு, அவள் கொடுக்கிற டாலரை வாங்கிக்கொண்டு ஓடுகிறான். டாலர் என்றால் பணமில்லை, சங்கிலியில் கோப்பது, உள்ளே அவள் படம் இருக்கிறது. ஓடும்போது ஒரு ஆய்வுக்கூடக் குழிக்குள் விழுந்து மணலாகிப் போகிறான். அப்புறம் வருகிற இரண்டு மூன்று நிமிடத்துக்கு வசனமே கிடையாது. மணற்குவியல் அசைகிறது. ஒரு மேடு எழுந்து ஆளைப் போல நிற்கப் பார்த்துச் சரிகிறது. மறுபடி எழுகிறது. கை மாதிரி ஒன்று உருவாகி, மணலில் கிடக்கிற டாலரை எடுக்கப் போகிறது. விரல் பட்டதும் விரல்தான் உதிர்கிறது. அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு உதிராமல் நிற்க முயன்று, முயன்று, எடுத்துவிடுகிறான். 25 கோடி டாலரில் உருப்படியாகச் செலவானது இந்த இடத்துக்கு ஆன பங்குதான் என்பேன்.

இதைத்தான் நான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவத் தொடரின் முதல் சீசனில் நோயாளி என்பவர் மருத்துவர்களின் காதல் கதைக்கு நடுவில் வந்துபோகிறவர். முகமூடி போட்டவன் கட்டடத்துக்குக் கட்டடம் தாவுகிற படத்திலோ, ஒரு குழந்தையின் வைத்தியச் செலவுதான் ஒரு மனுஷனை மணலாக்குகிறது. கிளினிக்கில் இல்லாத நோயாளி சிலந்தி படத்தில் இருக்கிறாள்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. இரண்டாம் பாகத்தையே போடுவது. தரத்தில் சந்தேகமில்லை. ஆனால் அதில் ஆக்டோபஸ் கைகள் அறுவை அரங்கில் விழித்தெழுந்து டாக்டர்களையும் நர்ஸுகளையும் துவம்சம் செய்கிற காட்சி உண்டு. திகில் படக்காரர் ரைமியின் கை தெரிகிற இடம். திங்கட்கிழமை ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு அதை எதற்குக் காட்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

நேரக்கணக்கு சுலபம். படம் 139 நிமிடம். முதல் சீசன் முழுவதும் ஆறே கால் மணி நேரத்துக்கு மேல். ஒரு ராத்திரிக்குத் தாங்காது. இரண்டு எபிசோடு பார்த்து நிறுத்தினால் ஆயாவுக்கு யார் யாருடைய முன்னாள் புருஷன் என்பதே பிடிபடாது. நயோமியும் சாம் என்ற மருத்துவரும் விவாகரத்து ஆனவர்கள், ஆனால் ஒரே கிளினிக்கில் வேலை. இதை விளக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆகும். 2023-ல் மின்வெட்டு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு படம் பார்த்தபோது இந்தக் கணக்கு இன்னும் கறாராக இருந்தது.

ஆயாவைப் பற்றி ஒன்று. மருத்துவக் கதை என்றால் அவருக்கு உயிர். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் முறையாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்கு வைத்தபோது ஆயாவுக்கு 21 வயது. ரேடியோவில்தான் கேட்டாராம். இந்த நாட்டுக்கு டெலிவிஷன் வந்ததே 1976 ஜனவரியில்தான். இதயத்தை மாற்றிவிட்டு அப்புறம்தான் டிவி வாங்கினோம் என்று அவர் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். ஆக, அவர் ஓட்டு தொடருக்கு. பையன் ஓட்டு கேட்காமலே தெரியும். என் ஓட்டு இழுபறி.

கடைசியில் முடிவு செய்தது அக்கா மகளின் கால்கள். சனிக்கிழமை ஆறரை மணிக்கு வந்தாள். சோபாவில் சாய்ந்து பாதத்தை முக்காலியில் வைத்தாள். காலுறையின் அச்சு கணுக்காலில் வட்டமாகப் பதிந்திருந்தது. இவளிடம் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய ஒருவரையும் இன்றைக்குக் காட்டக்கூடாது என்று தீர்மானித்தேன். புரட்டாசிச் சனி, அசைவம் கிடையாது. கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி ஊற்றிய, டர்பன்காரர்கள் 'குவாட்டர் பன்னி' என்கிறதை ஆளுக்கொன்று தட்டில் வைத்துக்கொடுத்து, 'ஸ்பைடர்மேன் 3'ஐப் போட்டேன்.

தொடர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் ஒரு மாத விடுப்பு இருந்தால், வீட்டில் இருப்பவர் வார்டு வேலைக்காரர் இல்லையென்றால், கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். மே மாத அறிமுகத்தைப் பாருங்கள், குழந்தை இல்லை என்று தெரிகிற அந்த இடத்துக்காக. பிறகு முதல் சீசனை மேலோட்டமாகத் தாண்டி இரண்டாவதில் உட்காருங்கள். படத்துக்கு நேர்மாறான யோசனை. முதல் ஒரு மணி நேரத்தைச் சிந்தாமல் பாருங்கள். வெனம் வந்த பிறகு எழுந்து போய்த் தேநீர் போடலாம், பெரிய நஷ்டமில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். மணல் எழுந்து நின்ற காட்சியில் அக்கா மகள் பன்னியைத் தட்டில் வைத்துவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நடனத்துக்குப் பையனோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். வெனம் பல்லைக் காட்டுவதற்குள் தூங்கிப்போனாள். ஆயா கடைசி வரை உட்கார்ந்திருந்தார். பீட்டர் மன்னித்ததும் மணல் மனிதன் காற்றோடு காற்றாகக் கரைந்து போனான், ஹாரி செத்தான், பெயர்கள் ஓடின. நான் டிவியை அணைக்கப் போனேன்.

"இரு இரு. அந்தப் பொம்பளப் பிள்ளைக்கு அப்புறம் சொகமாச்சா?"

படத்தில் அதைச் சொல்லவேயில்லை. நானும் இத்தனை வருடத்தில் கேட்டுக்கொண்டதில்லை. எழுப்பிக் கேட்கலாமா என்பது போல ஆயா பேத்தியைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அலமாரிக்குப் போய் முதல் சீசன் பெட்டியை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.